கண்ணாயிரம் நம்பாத தொட்டி மண்

2009 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை பிற்பகலில் புன்னைமேடு ஊரே ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடியது. ஓடச் சொன்னவர் கண்ணாயிரம். அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது.

ஓட்டத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. காற்று கிழக்கிலிருந்து அடித்தது. அதனால் யாரும் மேற்கே ஓடவில்லை. காற்றுக்குக் குறுக்கே, தெற்குப் பக்கமாக ஓடினார்கள். கைக்குழந்தைக்காரர்கள் முன்னால், ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டவர்கள் பின்னால். அடுப்பை அணைக்காமல் ஒருவர்கூட வெளியே வரவில்லை. கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் தெற்கே போனால் ரசாயன ஆலைகள் வரிசையாக வரும். அவை முடிகிற இடத்தில் ஆரம்பிக்கிற ஊர் இது. அழுகின முட்டை நாற்றம் வந்தால் ஓட வேண்டும், வெந்த முட்டைக்கோஸ் நாற்றம் வந்தால் கதவைச் சாத்தினால் போதும், நகப்பூச்சு வாசனை வந்தால் காயப்போட்ட துணியை எடுக்க வேண்டும் என்பது அங்கே பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும்.

அன்று வந்தது அழுகின முட்டை.

தெற்கே சாலையோரத்தில் போய் நின்று தலைகளை எண்ணினார்கள். யாருக்கும் மயக்கமில்லை, வாந்தியில்லை. கண்ணாயிரம் மட்டும் ஊரைத் திரும்பிப் பார்த்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு கணக்கு இடித்தது. ஆலைகள் இருப்பது வடக்கே. காற்று வந்தது கிழக்கே உப்பனாற்றுப் பக்கமிருந்து. அந்தப் பக்கம் நாற்றமடிக்க என்ன இருக்கிறது?

இருந்தது ஒன்றே ஒன்று. அவருடைய மனைவி சௌந்தரத்தின் தம்பி வைத்திலிங்கம் ஆற்றங்கரையில் போட்டிருந்த தேங்காய் நார்க்களம்.

கண்ணாயிரத்தின் சந்தேகம் இன்று நேற்று வந்ததில்லை. இளவயதில் நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு வந்து, பெயர் பலமுறை மாறிய ஓர் ஆலையில் மூட்டை தூக்கினார். 2004ஆம் ஆண்டு சித்திரையில் அங்கே ஒரு குழாய் கசிந்தது. மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பீடி குடித்ததால் வந்த இருமல் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. கண்ணாயிரம் வாழ்நாளில் பீடியைத் தொட்டதில்லை. அன்றிலிருந்து யாராவது 'இதனால உங்களுக்கு நல்லது' என்று ஆரம்பித்தால் அவர் எழுந்து நின்றுவிடுவார்.

அதே வருஷம் மார்கழியில் கடல் உள்ளே வந்தது. ஊரின் கிழக்குக் கிணறுகள் எல்லாம் உப்பாயின. வடக்குக் கிணறுகளில் அதற்கு முன்பே தண்ணீர் மஞ்சளடித்திருந்தது. மிச்சமிருந்தது மாரியம்மன் கோயில் கிணறு ஒன்றுதான். மணல்மேட்டின் உச்சியில் இருந்ததால் தப்பித்தது. ஊர் முழுக்கக் குடிப்பதும் சமைப்பதும் அதில்தான். காலையில் முதல் வாளியில் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்ப்பது கண்ணாயிரத்தின் வேலை. யாரும் அவரை நியமிக்கவில்லை. யாரும் வேண்டாமென்று சொல்லவும் இல்லை.

இந்தக் கிணறு போனால் ஊர் போகும். அவருக்கு இருந்த ஒரே பயம் இதுதான்.

சாலையோரத்துக்கு வந்த போலீசும் தீயணைப்பு வண்டியும் பத்திரிகைக்காரர்களும் நாற்றத்தைத் தேடிக்கொண்டு கிழக்கே போனார்கள். கூட்டம் பின்னால் போனது. நார்க்களத்தில் வைத்திலிங்கம் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். ஆற்றோரம் குழி வெட்டி, உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் தேங்காய் மட்டையை ஊறப்போட்டிருந்தார். அந்தக் கரையில் கயிறு திரித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஊறப்போடுவார்கள். கயிற்றுத் தொழில் நின்று வெகுகாலம் ஆகிவிட்டதால் அந்த நாற்றத்தை ஊர் மறந்துபோயிருந்தது. அன்றுதான் முதல் பெரிய குழியைத் திறந்திருந்தார்; முன்பு திறந்த சின்னக் குழிகளின் நாற்றம் ஊர்வரை வந்ததில்லை. உள்ளே கறுத்துப்போன மட்டை. அழுகின முட்டை நாற்றம் அதிலிருந்துதான்.

"இன்னா மாமா, மட்டைக்கா ஓடுனீங்க?" என்றார் வைத்திலிங்கம்.

ஈரத்துணியை அவிழ்த்துவிட்டு ஊர் சிரித்தது. போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். மறுநாள் பத்திரிகையிலும் சிரிப்பாய்த்தான் வந்தது. டீக்கடைச் சின்னையன் அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு விடவில்லை.

"காத்து எப்பிடி இருக்குது மாமா இன்னிக்கு? டீ போடட்டுமா, ஓடட்டுமா?"

"போடு. சர்க்கரை ஜாஸ்தி போடாத."

"பேரு கண்ணாயிரம்னு வச்சாங்க. மூக்காயிரம்னு வச்சிருக்கணும்."

கண்ணாயிரம் டீயைக் குடித்தார். அவர் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. களத்தில் அன்று பார்த்த மூன்று விஷயங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒன்று, மட்டையிலிருந்து நாரை எடுத்துவிட்டு, கீழே உதிரும் தூளைத்தான் வைத்திலிங்கம் பத்திரமாகக் குவித்துவைத்திருந்தார். நார் ஓரமாய்க் கிடந்தது. இரண்டு, அந்தத் தூளைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஓடிவந்த தண்ணீர் பழுப்பாக, சாயம்போல இருந்தது. மூன்று, கழுவிக் காய்ந்த தூளை மெஷினில் அழுத்திச் செங்கல் மாதிரிக் கட்டியாக்கி, பிளாஸ்டிக் சுற்றி லாரியில் ஏற்றினார்கள். லாரி முதுநகர் ஏஜென்ட் ஒருவருடையது. சரக்கு சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போகிறது.

காசு கொடுத்துக் குப்பையை எவன் வாங்குவான்?

ஓட்டத்துக்கு அடுத்த வாரம் சௌந்தரம் தன் அண்ணி வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் கண்ணாயிரம் களத்திலிருந்து ஒரு கட்டியைக் கொண்டுவந்தார். ஆலைக் கழிவை இந்தத் தூளுக்குள் பொதிந்து வெளியே கடத்துகிறார்கள் என்பது அவருடைய கணக்கு. உள்ளே ஏதோ இருக்கும். உடைக்கப் பார்த்தார், உடையவில்லை. தண்ணீரில் போட்டால் கரையும் என்று துணி துவைக்கும் அன்னக்கூடையில் போட்டுத் தண்ணீரை ஊற்றினார்.

சௌந்தரம் திரும்பிவந்தபோது அன்னக்கூடை தெரியவில்லை. வாசலில் பழுப்பு நிறத்தில் ஒரு மேடு. அதற்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார் கணவர்.

"இன்னா இது?"

"உன் தம்பி ஊட்டு கட்டி. ஊதிக்கிட்டே போவுது."

"இன்னாத்த தேடுறீங்க?"

"எதாவது இருக்கும்."

"இருந்துச்சா?"

"இல்ல."

"அப்பறம் ஏன் இன்னும் தேடுறீங்க?"

"அதான் சந்தேகமா இருக்குது."

சௌந்தரம் அந்தத் தூளை வாரிக் கொல்லையில் கத்திரிச்செடிக்குப் போட்டார். தம்பி பக்கம் பேசுவதா, கணவர் பக்கம் பேசுவதா என்கிற குழப்பம் அவருக்கு அப்போது இல்லை. தம்பி பக்கம்தான். ஊரில் பெண்கள் பத்துப் பதினைந்து பேருக்குக் களத்தில் வேலை கொடுத்திருந்தார் தம்பி. ஆலையில் இல்லாத வேலை அது. இருமல் வராத வேலை.

செடிக்குப் போட்ட ஒரு வாரத்தில் கத்திரி இலையின் ஓரம் தீய்ந்தது. தண்ணீர் ஊற்ற மறந்திருப்போம் என்று நினைத்தார் சௌந்தரம். கண்ணாயிரம் அப்படி நினைக்கவில்லை. ஒரு தீய்ந்த இலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வைத்திலிங்கத்திடம் போனார்.

"மச்சான், இந்தத் தூள வேற யாராவது வாங்குறாங்களா? நம்ம ஊர்ப்பக்கம்?"

"சிதம்பரத்துல ஒரு நர்சரி மாமா. வினோதினின்னு. வெவசாயம் படிச்ச பொண்ணு. அதுதான் எனக்கு இதக் கத்துக்குடுத்ததே."

"வெள்ளக்காரன் ஏன் வாங்குறான்?"

"பூந்தொட்டில மண்ணுக்குப் பதிலா போடுறான்."

"அவன் ஊர்ல மண்ணு இல்லியா?"

"இருக்குது. அத வெட்டக் கூடாதுன்றாங்களாம். வெட்டுனா உலகம் சூடாவுதாம்."

கண்ணாயிரம் மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் மண்ணை வெட்டினால் உலகம் சூடாகும் என்று ஒருவன் சொல்லி, அடுத்தவன் ஊர்க் குப்பையைக் கப்பலில் வரவழைக்கிறான். இதை வைத்திலிங்கம் நம்புகிறார். கண்ணாயிரம் மறுநாள் காலை சிதம்பரம் பஸ் ஏறினார்.

வினோதினியின் நர்சரி சிதம்பரத்துக்கு வெளியே புவனகிரி சாலையில் இருந்தது. சொந்த ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். வீட்டில் எல்லாரும் நெல் போடுகிறவர்கள். இவர் மட்டும் பச்சை வலைக்குடில் போட்டு, குழித்தட்டுகளில் மிளகாய், கத்திரி, சாமந்தி நாற்று விட்டு விற்றுக்கொண்டிருந்தார். வந்தவர் பெயரைச் சொன்னதும் வினோதினிக்கு முகம் மாறியது.

"நீங்கதான் அந்த..."

"ஆமாம்மா. மட்டைக்கு ஓடுன ஆளு நான்தான். நீ சிரிச்சு முடி, அப்பறம் பேசுவோம்."

வினோதினி சிரித்து முடித்தார். கண்ணாயிரம் தீய்ந்த இலையை எடுத்து மேசைமேல் வைத்தார். வினோதினிக்குச் சிரிப்பு நின்றது. ஆனால் அதைப் பற்றி உடனே பேசவில்லை. "மொதல்ல இத பாருங்க" என்று உள்ளேயிருந்து கிழிந்த பிளாஸ்டிக் மூட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். வெளிநாட்டு எழுத்து. அடியில் கொஞ்சம் மண் இருந்தது. கறுப்பு கலந்த பழுப்பு, பஞ்சு மாதிரி கனமில்லாமல்.

"நர்சரி ஆரம்பிச்சப்ப இதுலதான் நாத்து விட்டேன். பீட்டுன்னு பேரு. வெள்ளக்காரங்க தொட்டிக்கெல்லாம் காலங்காலமா இதுதான்."

கண்ணாயிரம் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி தேய்த்தார்.

"இது நெய்வேலி."

"இன்னா ஐயா?"

"சுரங்கத்துல மேல் மண்ண எடுத்ததும் கரி தெரியும் பாரு, மழ பெஞ்ச மறுநாளு, அந்த வாசன. நான் அங்க வேல செஞ்சிருக்கேன்."

"பக்கத்துல வந்துட்டீங்க" என்றார் வினோதினி. "கரிக்குத் தம்பி முறை இது. குளிர் தேசத்துல சதுப்புல பாசி மொளைக்கும். செத்தா மக்காது. தண்ணிக்குள்ள காத்து படாம அப்பிடியே அமுங்கிக் கெடக்கும். ஒரு ஆள் ஒயரம் சேரவே ஆயிரம் ரெண்டாயிரம் வருஷம் ஆவும். இன்னும் கோடிக்கணக்கான வருஷம் வுட்டா கரியாவும். அதுக்குள்ள வெட்டியெடுத்துப் பையில போட்டு ரோஜாவுக்கு வைக்கிறாங்க."

"வச்சா?"

"சதுப்ப வடிய வுட்டு வெட்டுனதுமே காத்து பட்டுடுது. அதுவரைக்கும் மக்காதது அப்பறம் மக்க ஆரம்பிக்குது. உள்ள இருந்த கரியெல்லாம் கரியமில வாயுவா மேல போவுது. நெய்வேலில எரிச்சா பொக தெரியுது. இது தொட்டில சும்மா குந்தியிருக்கும்போதே பொகையுது. கண்ணுக்குத்தான் தெரியாது."

"உங்க மட்டத்தூளும் மக்கும்ல. அதுவும்தான் பொகையும்."

"பொகையும். ஆனா அது போன வருஷம், முந்தின வருஷம் தென்ன மரம் காத்துலேருந்து எடுத்தது. எடுத்தத திருப்பிக் குடுக்குது. ரோட்டோரம் போட்டு எரிச்சாலும் அதேதான் போவும், சும்மாவே போவும். பீட்டு அப்பிடியில்ல. ராஜராஜன் காலத்துக்கு முன்னாடி எடுத்து வச்சத இன்னிக்கு ஒரே நாள்ல தொறந்து வுடுறது. திருப்பி அடைக்கணும்னா இன்னும் ரெண்டாயிரம் வருஷம்."

கண்ணாயிரம் யோசித்தார். நெய்வேலியில் மண்ணைப் புரட்டிப் பார்த்தவருக்கு இது புரியாமலில்லை. புரிந்ததுதான் சங்கடமாக இருந்தது. பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டார்களே.

"கப்பல்ல போவுதே. கப்பல் தண்ணிலயா ஓடுது?"

"எண்ணெயிலதான் ஓடுது" என்று வினோதினி ஒத்துக்கொண்டார். "அதனாலதான் அழுத்திக் கட்டியாக்குறாங்க, எடம் கம்மியா புடிக்கும். கணக்குப் போட்டவங்க அப்பவும் பீட்ட விட தேவலாம்னுதான் சொல்றாங்க. நான் போட்டுப் பாத்ததில்ல. எனக்குக் கேட்டீங்கன்னா, கப்பல்ல போறத விட இங்கயே நம்ம தொட்டில போட்டா இன்னும் நல்லது. அவன் பீட்டு நமக்கு வேணாம், நம்ம தூளு அவனுக்கு போவணும்னும் இல்ல."

"அப்ப இதுல கோளாறே இல்லன்ற."

வினோதினி மேசையிலிருந்த தீய்ந்த இலையை எடுத்தார்.

"இது உப்பு. எனக்கும் மொத லோடு வந்தப்ப சாமந்தி இப்பிடித்தான் தீஞ்சுது. உப்பங்கழில மட்டய ஊறப்போட்டா தூளெல்லாம் உப்பேறிடும். நல்ல தண்ணி வுட்டு நல்லா அலசுனாத்தான் வாங்குவேன்னு உங்க மச்சான்கிட்ட சொன்னேன். ஏஜென்ட்டும் அதேதான் சொல்லியிருக்காரு."

"நல்ல தண்ணி."

"ஆமா. நெறைய வேணும். போர் போட்டிருக்கேன்னு சொன்னாரே."

கண்ணாயிரத்துக்கு அதற்குப் பிறகு பீட்டும் கப்பலும் காதில் விழவில்லை. புன்னைமேட்டில் நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மணல்மேட்டின் கீழே ஒரே ஓர் இடத்தில். வைத்திலிங்கம் போர் போட்ட இடம் மேட்டின் கிழக்குச் சரிவு. அலசிய தண்ணீர் தேங்குகிற பள்ளமும் அங்கேயேதான்.

"யம்மா, மேல இருக்கிற நல்ல தண்ணிய மோட்டார் வச்சு உறிஞ்சுனா இன்னா ஆவும்? ஆத்தோரத்துல?"

வினோதினி கையிலிருந்த இலையைக் கீழே வைத்தார். "கெணறு கிட்டவா இருக்குது?" என்று கேட்டார்.

"கூப்புடு தூரம்."

"அடியில இருக்கிற உப்பு மேல ஏறும்" என்றார் வினோதினி. "அலசுன தண்ணியும் எறங்கும். நான் அத கேக்கவே இல்ல. எனக்கு என் நாத்துதான் தெரிஞ்சுது."

அன்று மாலையே கண்ணாயிரம் களத்துக்குப் போனார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் சேர்க்க வேண்டும் என்று நினைத்தார். அந்த ஊரில் கூட்டம் சேர்ப்பது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்ததில்லை. மார்ச் மாதத்துக்கு முன்புவரை. இந்த முறை டீக்கடையில் போய்ச் சொன்னார்.

"மாமா மறுபடி ஓடச் சொல்றாரு" என்று சின்னையன் கடையில் ஒரு குரல் கேட்டது. யாரும் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை.

களத்துக்குத் திரும்பிவந்து சொன்னபோது வைத்திலிங்கம் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"மாமா, மொதல்ல ஆலக் கழிவுன்னீங்க. அப்பறம் கட்டிக்குள்ள எதோ இருக்குதுன்னு அக்கா அன்னக்கூடைய நாசம் பண்ணீங்க. இப்ப கெணறுன்றீங்க. நாளைக்கு இன்னா?"

"நீ செய்யிறது நல்ல காரியம்தான் மச்சான். அந்தப் பொண்ணு சொல்லிச்சு. எனக்குப் புரிஞ்சுது. அவன் ஊரு மண்ணு அவன் ஊர்லயே கெடக்கட்டும், காத்து கொஞ்சம் தப்பிக்கும். அதுக்கு எதுக்கு எங்க கெணறு?"

"தண்ணி குடிச்சுப் பாத்தீங்களா? உப்பா இருக்குதா?"

கண்ணாயிரம் பொய் சொல்லத் தெரியாதவர். "இன்னும் இல்ல" என்றார்.

"அப்ப உப்பானா வாங்க."

2009 கோடை போனது. மழை சுமாராகப் பெய்தது. 2010 கோடையும் வந்தது. முதுநகர் ஏஜென்ட்டின் லாரி இரட்டிப்பாக வந்தது. கண்ணாயிரம் காலையில் முதல் வாளியைக் குடித்துக்கொண்டேயிருந்தார். சித்திரையில் ஒருநாள் நாக்கில் ஏதோ பட்ட மாதிரி இருந்தது. சொன்னார். "உங்க நாக்கும் மூக்கு மாதிரிதான்" என்றார்கள். அவருக்கே சந்தேகம் வந்தது. கொஞ்ச நாள் குடித்துப் பார்ப்பதை நிறுத்திக்கூடப் பார்த்தார், கற்பனையாக இருக்கலாமென்று.

வைகாசியில் சௌந்தரம் சாம்பார் வைத்தார். பருப்பு வேகவில்லை.

கடைப் பருப்பு பழசாக இருக்கும் என்று மறுநாள் வேறு பருப்பு வாங்கினார். அதுவும் வேகவில்லை. அடுப்பில் விறகு தீர்ந்தது. பருப்பு கல்லாக நின்றது. பக்கத்து வீட்டு இருசம்மாளிடம் கேட்டார். இருசம்மாள் நாலு நாளாகத் தன் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார், பருப்பை ஒழுங்காக ஊறவைக்கவில்லை என்று. ஊரில் முக்கால்வாசி வீட்டில் அதே சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடலோரத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதைப் பற்றி விளக்கம் வேண்டியதில்லை. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. சுனாமிக்குப் பிறகு கிழக்குத் தெருவில் முதலில் தெரிந்ததும் இப்படித்தான்.

சௌந்தரம் வேகாத பருப்பைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு தம்பியின் களத்துக்குப் போனார். போகிற வழியில் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் பெண்கள் ஒவ்வொருவராக அவரவர் பாத்திரத்தோடு பின்னால் வந்தார்கள். களத்தில் வேலை செய்தவர்களும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். கண்ணாயிரம் கடைசியில் வந்தார்.

"சாப்புடு" என்றார் சௌந்தரம்.

வைத்திலிங்கம் ஒரு பருப்பை எடுத்துக் கடித்தார். முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"மாமா சொல்லி அனுப்புனாரா?"

"அவரு சொன்னா நான் கேட்டிருப்பனா? நீ என் தம்பின்னு ஒரு வருஷமா அவர வாய மூடச் சொன்னவ நான். மோட்டார நிறுத்து."

மோட்டார் நின்றது. 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லக்கூடிய தருணம். கண்ணாயிரம் அதைச் சொல்லாததற்குப் பெருந்தன்மை காரணமில்லை. கிணறு திரும்பி வருமா என்கிற கவலையில் அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

களத்தை மூடிவிடலாம் என்றார்கள் சிலர். அங்கே வேலை செய்த பெண்கள் கூடாதென்றார்கள். அந்த வாரமே வினோதினி புன்னைமேட்டுக்கு வந்தார். குற்றவுணர்ச்சி அவருக்கும் இருந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசி மூன்று விஷயங்களை முடிவு செய்தார்கள். மட்டையை இனி உப்பங்கழியில் ஊறப்போடுவதில்லை, உள்ளூர்த் தோப்புகளிலிருந்து வரும் மட்டையை மெஷினில் நேரடியாக அடித்துக்கொள்ள வேண்டும். தூளை மேட்டுச் சரிவிலிருந்து அகற்றி ஆற்றை ஒட்டிய கரம்பில் குவிக்க வேண்டும். ஊறப்போடாத தூளிலும் கொஞ்சம் உப்பு இருக்கும்; அதை அலசுகிற வேலையை ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும், வடிகிற தண்ணீர் ஏற்கெனவே உப்பாயிருக்கிற ஆற்றில் போய்ச் சேரும்.

அப்படியென்றால் வருஷத்துக்கு ஒரே முறைதான் சரக்கு. முதுநகர் ஏஜென்ட் ஒத்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டுக்காரன் மழைக்காகக் காத்திருக்க மாட்டான் என்றார். லாரி நின்றது. வைத்திலிங்கம் அந்த வருஷம் வினோதினிக்கும் சுற்றுவட்டார நர்சரிகளுக்கும் மட்டும் கொடுத்தார். தைக்குப் பிறகு வந்த தூளில் சாமந்தி தீயவில்லை. வினோதினி அதோடு மக்கின சாணம் கலந்து நாற்று விட்டார். பழைய வெளிநாட்டு மூட்டையை மழைத்தண்ணீர் ஒழுகும் இடத்தில் மடித்துப் போட்டார்.

2010 ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. அடுத்த பொங்கலுக்கு முன்பு பருப்பு கொஞ்சம் வெந்தது. 2011 கோடையில் முழுசாக வெந்தது. கண்ணாயிரம் அப்போதும் முதல் வாளியை விடவில்லை. சின்னையன் இப்போது கிண்டல் செய்வதில்லை. காலையில் அவர் கடை தாண்டும்போது, "இன்னா மாமா, இன்னிக்கு எப்பிடி?" என்று உண்மையாகவே கேட்டார்.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலை 'தானே' புயல் கரை ஏறியது. களத்தின் கூரை ஆற்றில் கிடந்தது. மாவட்டம் முழுக்க முந்திரியும் பலாவும் தென்னையும் வேரோடு சாய்ந்தன. புன்னைமேட்டில் நின்ற மரங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். தூள் குவியல் மட்டும் மழையில் ஊறிக் கனத்துப்போயிருந்ததால் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

மாசியில் முதுநகர் ஏஜென்ட் மறுபடி வந்தார். விழுந்த மரங்களின் காய்களும் மட்டையும் ஊரெல்லாம் குவிந்து கிடக்கின்றன, ஊறப்போட்டு அலசி அனுப்பினால் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். வெளிநாட்டில் பீட் கூடாது என்பவர்கள் அதிகமாகிவிட்டார்களாம். வைத்திலிங்கத்துக்குக் கூரைகூட இல்லாத நேரம் அது. ஆனாலும் அவர் கைகாட்டியது கண்ணாயிரத்தை.

"எங்க மாமாகிட்ட கேளுங்க."

ஏஜென்ட் சிரித்துக்கொண்டே கண்ணாயிரத்திடம் வந்தார். "பூமிக்கே நல்ல காரியம் ஐயா இது" என்று ஆரம்பித்தார். கண்ணாயிரம் எழுந்து நின்றார்.

"தெரியும். அது நெசந்தான். தண்ணி எங்கேருந்து எடுப்பீங்க?"

"அத ஏன் நீங்க கேக்குறீங்க? அது எங்க பாடு."

"அப்ப வேணாம்" என்றார் கண்ணாயிரம்.

ஏஜென்ட் போன பிறகு வைத்திலிங்கம் குவிந்து கிடந்த மட்டையைப் பார்த்தார். பிறகு, "மட்டய இன்னா பண்றது மாமா?" என்று கேட்டார். அடித்து ஆற்றோரம் குவி, மழை வரட்டும் என்றார் கண்ணாயிரம். இருக்கிற பழைய குவியலில் வினோதினி சாணம் கலந்து கொடுத்தார். களத்துப் பெண்கள் பாலித்தீன் பைகளில் அதை நிரப்பி முந்திரிக் கொட்டை ஊன்றினார்கள். கன்று வாங்க திட்டக்குடி வரைக்கும் ஆள் சொல்லிவைத்திருக்கிறார்கள். கண்ணாயிரம் ஒவ்வொரு வரிசையாக நடந்து இலை ஓரத்தைத் திருப்பிப் பார்க்கிறார். இதுவரை ஒன்றும் தீயவில்லை. அதுவும் அவருக்கு முழுசாக நம்பிக்கையில்லை.

ஜூலை முதல் வாரம், இந்த 2012இல், முதல் லாரி கன்றுகள் ஏறுகின்றன. அதற்கு முந்தின நாள் சௌந்தரம் கோயில் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவைப்பார். வெந்தால் லாரி போகும்.